வட்டம் விழாத தட்டு

ஆய்வகத்தில் எனக்குப் பிடித்த நேரம் காலை ஏழரை மணி. கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் கதவைத் திறந்து, முந்தைய நாள் வைத்த தட்டுகளை அடுக்காக வெளியே எடுக்கும் நேரம் அது. பதினெட்டு வருடமாக இதைச் செய்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு, அதில் கிருமிக்குத் தீனியான வெளிர்மஞ்சள் அகார் கூழ், அதன்மேல் பொட்டு வைத்தது போல ஆறு காகித வில்லைகள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு ஆன்டிபயாட்டிக். நோயாளியின் ரத்தத்திலிருந்தோ சிறுநீரிலிருந்தோ பிரித்தெடுத்த கிருமியை அகார் முழுக்கப் பூசி, வில்லைகளை வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் விட்டுவிடுவோம். கிருமி மருந்துக்கு அடங்கினால் வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழும். அதன் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து எஸ் அல்லது ஆர் என்று எழுதுவோம். எஸ் என்றால் மருந்து கேட்கும். ஆர் என்றால் கேட்காது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே தட்டில் இரண்டு ஆர் வந்தாலே பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். பிறகு அது மூன்றானது, நான்கானது, கூப்பிட்டுக் காட்டும் பழக்கமே நின்றுபோனது. ஒரு நாள் ஐசியூவிலிருந்து வந்த ரத்தக் கல்ச்சரில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்திருந்தது. மறுநாள் காலை தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு வட்டம்கூட இல்லை. ஒவ்வொரு வில்லையின் விளிம்புவரைக்கும் பாய் விரித்தது போலக் கிருமி படர்ந்திருந்தது. வில்லைகள்தான் பழசாகிவிட்டனவோ என்று முதலில் நினைத்தேன். தரச் சோதனைக்கென்று வைத்திருக்கும் கிருமியை அதே நாளில் அதே டப்பா வில்லைகளோடு வைத்திருந்தோம். அந்தத் தட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லா வட்டங்களும் இருக்கவேண்டிய அளவில் இருந்தன. வில்லைகளில் குறை இல்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். ஒவ்வொரு மருந்தின் பெயரையும் சொல்லி, ஆர், ஆர் என்று வாசித்துக்கொண்டே போனேன். அவர் குறுக்கிடவே இல்லை. நான் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“வேற எதுவும் இல்லையா மேடம்?”

கொலிஸ்டின் இருந்தது. 1950-களில் புழக்கத்துக்கு வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதால் பின்னர் ஒதுக்கிவைக்கப்பட்ட மருந்து. கையில் வேறு எதுவும் இல்லாததால் அதைத் தூசி தட்டித் திரும்ப எடுத்திருக்கிறோம். அதை வில்லை வைத்து நம்பிக்கையாகச் சோதிக்க முடியாது. அதன் மூலக்கூறு பெரியது, அகாரில் சரியாகப் பரவாது. திரவத்தில் படிப்படியாக நீர்த்து வைத்துத்தான் அளக்கவேண்டும், அதற்கு இன்னொரு நாள். டாக்டர் காத்திருக்காமல் கொடுத்துவிட்டார், அதுதான் சரி. என் அறிக்கை வார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தப் படுக்கையில் வேறொருவர் இருந்தார்.

“வேற எதுவும் இல்லையா” என்ற அந்தக் கேள்விக்குப் பதில் தயாரித்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். 2019-ம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்தார்கள், 49.5 லட்சம் மரணங்களில் அவற்றுக்குப் பங்கு இருந்தது என்று லான்செட் இதழில் 2022-ல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அதே ஆய்வுக் குழுவினர் 2024-ல் வெளியிட்ட அடுத்த கணக்கு, 2025 முதல் 2050 வரை நேரடி மரணங்கள் மட்டும் 3.9 கோடியைத் தொடும் என்கிறது. இந்த எண்களைப் பலமுறை மேடையிலிருந்து வாசித்திருக்கிறேன். வாசிக்கும்போதெல்லாம் என் கண்முன் நிற்பது அந்த ஒரு தட்டுதான்.

*

எங்கள் ஆய்வகத்துக்கு முதுகலைப் பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி. வந்த முதல் வாரமே அவள் கேட்ட கேள்வி இது: “கிருமி வளர்ந்து, வட்டம் விழுந்து, நம்ம கண்ணுக்குத் தெரியறவரைக்கும் ஏன் மேடம் காத்திருக்கணும்? மருந்து பட்ட உடனே அதுக்கு மூச்சு முட்டுமில்ல? அதைப் பார்த்தா போதாதா?” உயிரோடிருக்கும் கிருமி ஆக்சிஜனைத் தின்னும். மருந்து வேலை செய்தால் தின்னுவது குறையும். அந்தக் குறைவைச் சில மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்னால், நிறமாற்றமாகக் காட்டும் ஒரு சிறு கருவி. அவள் மனதில் இருந்தது அவ்வளவுதான். படிப்பை முடித்ததும் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு அதில் இறங்கிவிட்டாள். மேடம் என்று கூப்பிட்டது எப்போது அக்கா ஆனது என்று ஞாபகமில்லை.

முதல் வருடம் ஒரு சிறிய நிதி கிடைத்தது. போட்டிகளில் பரிசு வாங்கினாள், மேடையில் கைதட்டல் வாங்கினாள். இரண்டாம் வருடம் ஒரு நாள் இரவு போன் செய்து அழுதாள். பணம் தீர்ந்துவிட்டது என்று சொல்வாள் என்று நினைத்தேன். அதில்லை.

“ஸ்ட்ரெயின் கிடைக்கலக்கா. இது வேலை செய்யுதுன்னு நிரூபிக்க எனக்கு முன்னூறு கிருமியாவது வேணும். பாதி அடங்குறது, பாதி அடங்காதது. எந்த ஜீனால அடங்கலைன்னும் தெரிஞ்சிருக்கணும். இருபது லேபுக்கு எழுதிட்டேன். ரெண்டு பேர்தான் பதிலே போட்டாங்க.”

போனை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் தேடிக்கொண்டிருந்த அதே கிருமிகள் எங்கள் ஆய்வகத்தில் தினமும் வளர்ந்தன. அறிக்கை போனதும் ஒரு வாரம் குளிரில் வைத்திருந்துவிட்டு, சிவப்புப் பையில் கட்டி ஆட்டோக்ளேவில் போட்டு 121 டிகிரியில் அவித்துக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். பதினைந்து வருடமாக நான் கையெழுத்துப் போட்டு அழித்த தட்டுகளில் அவளுக்கு வேண்டிய முன்னூறு மட்டுமல்ல, மூவாயிரமும் இருந்திருக்கும். இதில் யார்மீதும் தவறில்லை. பாதுகாப்பு விதிப்படி நடந்தோம். ஆனால் கண்டுபிடிப்பவர்களை ஆதரிப்பது என்றால் காசோலை என்றே அதுவரை நான் நினைத்திருந்தேன். நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, நோயாளி யார் என்று தெரியாதபடி அடையாளங்களை நீக்கி, கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் கிருமிகளைச் சேமித்துவைப்பதும் ஆதரவுதான் என்பது எனக்கு அன்று இரவுதான் உறைத்தது.

அமெரிக்காவில் இதை ஓர் அரசு வேலையாகவே செய்கிறார்கள். நோய்க் கட்டுப்பாட்டு மையமும் உணவு, மருந்து நிர்வாகமும் சேர்ந்து 2015-ல் ஒரு கிருமி வங்கியைத் தொடங்கின. மருந்தோ சோதனைக் கருவியோ உருவாக்குகிறவர்கள் விண்ணப்பித்தால், எதிர்ப்புத் தன்மை முழுவதும் ஆராயப்பட்ட கிருமித் தொகுதிகள் அங்கிருந்து போகும். செய்தித்தாளில் முதல் பக்கத்தில் வராத காரியம்தான். ஆனாலும் எந்தப் பரிசுத்தொகையையும்விட அது பெரிய கொடை என்பது என் எண்ணம்.

*

பெனிசிலின் கதையை நாம் சொல்லும் விதத்திலேயே ஒரு பிழை இருக்கிறது. 1928-ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் தட்டில் பூஞ்சை விழுந்தது, உலகம் பிழைத்தது என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறோம். நடுவில் பன்னிரண்டு வருடம் எங்கே போனது? அந்தப் பூஞ்சைச் சாற்றிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்க ஆளும் வசதியும் சேராமல் அது ஏறக்குறைய அப்படியே கிடந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரியும் எர்னஸ்ட் செயினும் அதைக் கையில் எடுத்த பிறகுதான் அது நகர்ந்தது. அவர்களோடு இருந்த நார்மன் ஹீட்லி என்ற இளைஞரைப் பற்றி நான் எந்த வகுப்பிலும் சொல்லாமல் விடுவதில்லை. போர்க்காலம், பாத்திரம் கிடைக்காத நேரம். பூஞ்சை வளர்க்க அவர்கள் கையில் அகப்பட்டதையெல்லாம் பயன்படுத்தினார்கள், மருத்துவமனை பெட்பேன் உட்பட. கடைசியில் ஹீட்லி அந்தப் பெட்பேனின் வடிவத்தையே மாதிரியாக வைத்துப் பீங்கான் கலங்களை வரைந்து, ஒரு மண்பாண்டத் தொழிற்கூடத்தில் செய்து வாங்கினார்.

1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு அந்த மருந்தைச் செலுத்தினார்கள். முகமெல்லாம் சீழ் பிடித்து, ஒரு கண்ணை இழந்து, சாகக் கிடந்தவர். ஒரே நாளில் தேறத் தொடங்கினார். மருந்து போதவில்லை. அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பெனிசிலினை மறுபடி பிரித்தெடுத்து அவருக்கே செலுத்தினார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச் மாதம் இறந்துபோனார். மருந்து வேலை செய்யும் என்று தெரிந்தும் அளவு போதாமல் ஒருவர் இறந்தது ஹீட்லியை எப்படி வாட்டியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அதே ஆண்டு கோடையில் ஃபுளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா போனார்கள். பியோரியாவில் இருந்த அரசு ஆய்வகம் மக்காச்சோளம் ஊறிய கழிவு நீரை ஊடகமாகச் சேர்த்து விளைச்சலைப் பெருக்கியது. இன்னும் அதிகம் தரும் பூஞ்சை ஒன்று அழுகிய முலாம்பழத்தில் கிடைத்தது. அரசு நிறுவனங்களை ஒன்றுசேர்த்து, மூலப்பொருள் ஒதுக்கி, வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. 1944 ஜூனில் நார்மண்டியில் படைகள் இறங்கியபோது 23 லட்சம் டோஸ் தயாராக இருந்தது. ஒருவருக்கே போதாமல் போன மருந்து மூன்றே வருடத்தில் இந்த அளவுக்கு வந்தது. தட்டில் பூஞ்சை விழுந்தது தற்செயல். இதில் எதுவுமே தற்செயல் இல்லை.

*

இனி எனக்குக் கோபம் வரும் பகுதி.

ஒரு புது ஆன்டிபயாட்டிக்கை ஒருவர் ஆராய்ந்து, விலங்குகளில் பார்த்து, மனிதர்களில் மூன்று கட்டமாகச் சோதித்து, ஒப்புதல் வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பதினைந்து வருடத்து உழைப்பு. அவரிடம் நாம் என்ன சொல்கிறோம்? “அருமையான மருந்து. இதைப் பத்திரமாகப் பூட்டிவைக்கப் போகிறோம். வேறு எதுவும் கேட்காதபோதுதான் எடுப்போம்.” மருத்துவ ரீதியில் இது முழுக்கச் சரி. எடுத்தவுடன் எல்லோருக்கும் கொடுத்தால் கிருமி அதையும் கற்றுக்கொள்ளும். நானே வகுப்பெடுக்கும்போது இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் மருந்துக்குக் காசு விற்கும் குப்பிக் கணக்கில்தான் வருகிறது. எடுக்காத குப்பிக்கு யாரும் காசு தருவதில்லை. விதைநெல்லைத் தொடாதே என்று சொல்லிவிட்டு, அதைக் காத்தவரைப் பட்டினி போடுகிறோம்.

அக்கேயோஜென் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். 2002-ல் தொடங்கியது. அரசிடமிருந்தும் தனியாரிடமிருந்தும் பெரும் தொகை பெற்று, வேறு மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளுக்காகவே பிளாசோமைசின் என்ற மருந்தை உருவாக்கியது. 2018 ஜூனில் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு முழுவதும் மருந்து விற்ற வருமானம் பத்து லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. 2019 ஏப்ரலில் நிறுவனம் திவாலானது. அடுத்த மூன்று மாதத்துக்குள் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் பிளாசோமைசினைச் சேர்த்தது. உலகத்துக்கு அத்தியாவசியம் என்று எழுதிவைத்த நாளில் அதை உருவாக்கிய நிறுவனம் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில், நான்கு ஆன்டிபயாட்டிக்குகளைக் கையில் வைத்திருந்த மெலின்டா நிறுவனமும் திவால் மனு கொடுத்தது.

தோற்றவர்களுக்கு நேர்ந்த கதியல்ல இது. ஜெயித்தவர்களுக்கு நேர்ந்தது. இளம் ஆய்வாளர் ஒருவர் எந்தத் துறையில் இறங்கலாம் என்று யோசிக்கும்போது இதையெல்லாம் பார்க்கத்தான் செய்வார். பெரிய நிறுவனங்களும் பார்த்தன. அஸ்ட்ராஜெனெகா 2016-ல் தன் ஆன்டிபயாட்டிக் வணிகத்தை விற்றது. 2018-ல் சனோஃபி தன் தொற்றுநோய் ஆய்வுப் பிரிவைக் கைமாற்றியது, நோவார்ட்டிஸ் தன் ஆய்வை நிறுத்தியது. மிச்சம் இருப்பவர்களில் பெரும்பாலோர் சின்னக் குழுக்கள், அடுத்த ஆண்டு சம்பளம் எங்கிருந்து வரும் என்று தெரியாதவர்கள்.

விளைவு எண்களில் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, முந்தைய ஆண்டு நிலவரத்தில் உலகம் முழுவதும் மனிதர்களிடம் சோதனையில் இருந்த பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகள் 97. அவற்றில் வழக்கமான ஆன்டிபயாட்டிக் வகையில் வந்து, அந்நிறுவனம் ஆபத்தானவை என்று பட்டியலிட்ட கிருமிகளைக் குறிவைத்தவை 32. அந்த 32-ல் புதுமையானவை 12. அந்தப் பன்னிரண்டில் மிக ஆபத்தான வரிசையில் உள்ள கிருமி ஒன்றையாவது தாக்கக்கூடியவை நான்கே நான்கு. சோதனையில் இருப்பதெல்லாம் சந்தைக்கு வந்துவிடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

மாற்று வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2022-ல் இங்கிலாந்து அதைத் தொடங்கியது. செஃபிடெரோகால், செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற இரண்டு மருந்துகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எத்தனை குப்பி போனது என்று எண்ணாமல், மருந்து இருக்கிறது என்பதற்காகவே ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஒரு கோடி பவுண்டு வரை நிலையான சந்தா. ஒப்பந்தம் பத்து ஆண்டுகள் வரை நீளலாம். ஒரு மாதம் ஒரே ஒரு நோயாளிக்குத்தான் தேவைப்பட்டாலும் உருவாக்கியவருக்கு வருமானம் உண்டு. அதிகம் விற்கவேண்டும் என்ற ஆசைக்கும் இடமில்லை. சுவீடனும் இதற்கு முன்பே வேறொரு வகையில் வருமான உத்தரவாதம் கொடுத்துச் சோதித்துப் பார்த்திருந்தது. ஆனால் ஒன்றிரண்டு நாடுகள் மட்டும் இதைச் செய்தால் ஒரு மருந்து நிலைக்காது. பணக்கார நாடுகள் எல்லாம் தங்கள் பங்கைக் கொடுத்தால்தான் கணக்கு நேராகும். அமெரிக்காவில் இதே நோக்கத்தில் பாஸ்டியர் சட்டம் என்ற மசோதாவை 2020-ல் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

தொடக்க நிலையில் கைதூக்கிவிட ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பாஸ்டன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 2016-ல் தொடங்கிய கார்ப்-எக்ஸ் என்ற நிதி அமைப்பு பல நாடுகளில் ஏறத்தாழ நூறு திட்டங்களைத் தாங்கியிருக்கிறது. அவர்களிடம் எனக்குப் பிடித்தது, பணத்தோடு நின்றுவிடாமல் அனுபவசாலிகளையும் அனுப்புவது. நச்சுத்தன்மைச் சோதனையை எப்படி வடிவமைப்பது, ஒப்புதல் தரும் அமைப்பு என்ன கேட்கும், எந்தக் கட்டத்தில் எதை விட்டுவிடலாம் என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை, பழுத்த ஆட்களின் தலையில்தான் இருக்கிறது. அந்த ஆட்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே போகிறார்கள். பெரிய நிறுவனங்கள் ஆய்வகங்களை மூடியபோது ஒரு தலைமுறையின் கைப்பக்குவமும் கலைந்துபோனது. அதைச் சின்னக் குழுக்களிடம் கொண்டுசேர்ப்பது அவசர வேலை.

பரிசுகள் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். பிரிட்டனில் 2014-ல் அறிவித்த லாஞ்சிட்யூட் பரிசுக்குப் பொருள் எது என்று பொதுமக்களிடமே வாக்கெடுத்தார்கள். ஆறு பிரச்சினைகளில் மக்கள் தேர்ந்தெடுத்தது மருந்துக்கு அடங்காத கிருமிகளைத்தான். அது எனக்கு இன்றும் தெம்பு தருகிறது. பத்து ஆண்டு கழித்து, 2024 ஜூனில், சுவீடனின் உப்சாலாவில் இயங்கும் சிஸ்மெக்ஸ் ஆஸ்ட்ரெகோ 80 லட்சம் பவுண்டு பரிசை வென்றது. ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவான சிறுநீர் போதும். தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால்களில் கிருமிகள் சிக்கும். மருந்து பட்ட பிறகும் அவை வளர்கின்றனவா என்று கருவி நுண்ணோக்கியால் பார்த்துக்கொண்டே இருக்கும். தொற்று இருக்கிறதா என்பது 15 நிமிடத்தில், எந்த மருந்து கேட்கும் என்பது 45 நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். பதினெட்டு வருடமாக இன்குபேட்டர் கதவுக்கு வெளியே காத்திருக்கும் எனக்கு அந்தச் செய்தியை வாசித்தபோது கண் கலங்கியது. ஆனால் அந்தப் பத்து ஆண்டில் போட்டியில் இறங்கிய மற்ற குழுக்களை நினைக்காமலும் இருக்க முடியவில்லை. கடைசிக் கோட்டில் ஒருவருக்குக் கொடுக்கும் பரிசு, ஓடிக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்குச் சோறு போடாது. அதனால் பரிசு வேண்டாம் என்று சொல்லவில்லை. பரிசு மட்டும் போதாது என்கிறேன்.

என் மனதுக்கு மிக நெருக்கமான மாதிரி கார்ட்-பி என்ற லாபநோக்கற்ற அமைப்பினுடையது. உலக சுகாதார நிறுவனமும், புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து உருவாக்கும் டிஎன்டிஐ அமைப்பும் சேர்ந்து 2016-ல் தொடங்கியது. கொனோரியா எனும் மேகவெட்டை நோய் ஒவ்வொரு மருந்தாக விழுங்கிக்கொண்டு வந்தபோது, அதற்கென்று சோலிஃப்ளோடாசின் என்ற மூலக்கூறை ஒரு சிறு நிறுவனம் வைத்திருந்தது. கடைசிக் கட்டச் சோதனையைக் கார்ட்-பி தானே ஏற்று நடத்தியது. ஐந்து நாடுகள், 930 பேர். 2023 நவம்பரில் நல்ல முடிவு வந்தது. பதிலுக்கு, வருமானம் குறைந்த நாடுகள், நடுத்தர நாடுகள் என நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் அந்த மருந்தைக் கொண்டுசெல்லும் உரிமை கார்ட்-பி கைக்கு வந்தது. உதவியைக் கொடுக்கும்போதே, எல்லோருக்கும் போய்ச் சேரவேண்டும் என்ற நிபந்தனையையும் அதோடு கட்டிவிட்டார்கள்.

அந்த நிபந்தனை ஏன் வேண்டும்? எட்டு நாடுகளை எடுத்துக்கொண்டு கார்ட்-பி நடத்திய ஓர் ஆய்வு 2025-ல் வெளிவந்தது. கார்பபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக் வகைக்கும் அடங்காத கிருமிகளால் 2019-ல் அந்த நாடுகளில் ஏறக்குறைய 15 லட்சம் தொற்றுகள். பொருத்தமான மருந்து வாங்கப்பட்டது அவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்குத்தான். மிச்சப் பேருக்கு மருந்து கண்டுபிடிக்கப்படாமல் இல்லை. எங்கோ ஒரு கிடங்கில் இருந்திருக்கிறது. அவர்கள் படுக்கைக்கு வரவில்லை. பொதுப்பணத்தில் வளர்ந்த மருந்து பணம் உள்ள வார்டுகளில் மட்டும் இருந்தால், அந்த டாக்டர் என்னிடம் கேட்ட கேள்வி மற்ற இடங்களில் அப்படியே தொடரும்.

மருந்தும் சோதனையும் மட்டும்தான் தீர்வு என்று நினைத்துவிடவும் கூடாது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் ஏறத்தாழ எல்லா மருந்தையும் எதிர்த்து நிற்கும் டைபாய்டு பரவியபோது, 2019 நவம்பரில் அந்த நாடு புது வகை டைபாய்டு தடுப்பூசியைக் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளோடு சேர்த்தது. உலகில் முதலில் அப்படிச் சேர்த்த நாடு அது. தொற்றே வராத குழந்தைக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் தேவையில்லை. பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களை மருந்தாக்குகிறவர்கள், மருத்துவமனைக் குழாய்களில் கிருமி ஒட்டாத மேற்பரப்பைத் தேடுகிறவர்கள், கழிவுநீரில் எதிர்ப்பு ஜீன்களைக் கண்காணிக்கிறவர்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நிதி தருகிறவர்கள் கண்ணில் இவர்கள் படுவது குறைவு.

2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் கூடிய நாடுகள், 2030-க்குள் இந்த மரணங்களைப் பத்து சதவீதம் குறைப்போம் என்று உறுதி எடுத்தன. நல்லது. நான் அருகிலிருந்து பார்த்த இடத்தில் தடை எப்போதுமே சிறிய உருவில்தான் இருந்தது. பதில் வராத ஒரு கடிதம், கிடைக்காத ஒரு கிருமி, ஆறு மாதம் நகராத ஓர் அனுமதிக் கோப்பு, சம்பளம் இல்லாத இரண்டு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்ட ஒரு பொறியாளர். எங்களிடம் பயிற்சிக்கு வந்த அந்தப் பெண்ணின் குழுவில் மூன்று பேரில் ஒருவர் அப்படித்தான் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் கைக்குழந்தை.

*

எங்கள் உறைபெட்டியில் இப்போது ஆயிரத்து நூற்றுச் சொச்சம் குப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், எந்த மருந்துக்கு எவ்வளவு அளவில் அடங்கியது என்ற குறிப்பு, எதிர்ப்புக்குக் காரணமான ஜீன் தெரிந்திருந்தால் அதுவும். சனிக்கிழமைகளில் நானும் இரண்டு டெக்னீஷியன்களும் உட்கார்ந்து, பழையவற்றை உயிர்ப்பித்துத் தட்டில் வளர்த்து, எண்ணும் குறிப்பும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கிறோம். அவளுக்கு முதலில் அறுபது அனுப்பினோம், பிறகு தொண்ணூறு. இப்போது வேறு இரண்டு குழுக்களும் கேட்டு எழுதியிருக்கின்றன. ஒன்று மருந்து உருவாக்கும் குழு, அதில் உள்ள யாரையும் எனக்குத் தெரியாது.

போன மாதம் அவள் போன் செய்தாள். கருவி இன்னும் தயாராகவில்லை. நிறமாற்றம் சில கிருமிகளில் தாமதமாகிறது, கிளெப்சியெல்லாவில்தான் தொல்லை, சுற்றிக் கெட்டியான உறை இருப்பவற்றில் அதிகம். முதல் தொகுதியில் நான் அனுப்பிய பதினேழாம் எண் மட்டும் எத்தனை தடவை வைத்தாலும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, தெளிவாக ஆர் காட்டுகிறதாம். அதையே ஒப்பீட்டுக்கான கிருமியாக வைத்துக்கொண்டிருக்கிறாள்.

“அது எங்கிருந்து வந்ததுக்கா?” என்று கேட்டாள்.

அந்த ஐசியூ ரத்தக் கல்ச்சர்தான். அன்று ஏன் என்று தெரியாமலே அதை மட்டும் அழிக்க மனமில்லாமல் தனியாக எடுத்துவைத்திருந்தேன். நோயாளியைப் பற்றி எதுவும் சொல்ல எனக்கு உரிமையில்லை, சொல்லவும் இல்லை. “நம்ம லேப்ல வளர்ந்ததுதான், பத்திரமா வெச்சுக்கோ” என்றேன்.

உறையுள்ள கிளெப்சியெல்லா இன்னும் நாற்பது வேண்டும் என்று பட்டியல் அனுப்பியிருக்கிறாள். இருபத்தெட்டு எடுத்துவிட்டேன். மிச்சத்தை இந்தச் சனிக்கிழமை தேடவேண்டும்.